கல்லறைப் பாதையா, குழாயா

என் மதிப்பிற்குரிய கணவர் இலாரியோனுக்கு,

ஆண்டவர் அருளால் நான் நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? கிணற்றிலிருந்து ஒரு தடவைக்கு ஒரு வாளி மட்டும் தூக்குங்கள்.

ஞாயிறு பூசை முடிந்ததும், இங்கே இத்தாலியில், போலோஞாவில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பெண்கள் கோயிலில் கூடியிருந்தபோது ஊர்த்தலைவர் வீடியோ போனில் பேசினார். பத்தாண்டுத் திட்டத்தில் ஒரு வேலைக்குத்தான் இடமாம். வீடுகளுக்குக் குழாயா, கல்லறைக்குத் தார்ப்பாதையா என்று கேட்டார்.

“பாதைதான்,” என்றாள் அக்குலினா. “நாம ஊருக்குப் போறதே ஈஸ்டருக்கு அடுத்த வாரம், செத்தவங்களுக்குப் படைக்கத்தானே. போன தடவை சேத்துல என் செருப்பையே விட்டுட்டு வந்தேன்.”

எல்லோரும் சிரித்துக்கொண்டே கை தூக்கினோம். நானும் தூக்கினேன்.

வீட்டுக்கு வந்து, நான் பார்த்துக்கொள்ளும் மூதாட்டிக்குச் சூப்பு வைக்கக் குழாயைத் திறந்தபோது உங்கள் வாளி நினைவுக்கு வந்தது. ஊருக்கு வந்துபோன நாட்களைக் குறித்துவைக்கும் என் நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஒன்பது வருடத்தில் நான் நம் வீட்டில் இருந்தது அறுபத்துமூன்று நாள். விருந்தாளியாக நின்றுகொண்டு ஊருக்குத் திட்டம் போட்டிருக்கிறேன்.

உடனே அக்குலினாவை அழைத்தேன். “செத்தவங்க எங்கயும் போகமாட்டாங்கடி. நாம திரும்பிப் போய் வாழப்போறோமா இல்லையா, அதச் சொல்லு.”

“குழாய்னே சொல்லிடு. செருப்ப நான் பாத்துக்கறேன்,” என்றாள்.

மற்றவர்களிடமும் பேசி, தலைவருக்குச் சொல்லிவிட்டோம்.

சமையலறை ஜன்னலின் அளவை எழுதி அனுப்புங்கள். குழாய் அதன் கீழே வரட்டும். உங்கள் உயரத்துக்கு வைக்கச் சொல்லிவிடாதீர்கள், அங்கே நிற்கப்போவது நான்.

மூதாட்டி கூப்பிடுகிறார்.

உங்கள் பரஸ்கோவியா