அந்த அறைக்குத் தனியாகப் போவதில்லை

ஜனவரி 8, வியாழன்

மூடுபனி. எதிர் பிளாக்கே தெரியவில்லை. விமானமெல்லாம் தாமதம் என்று டி.வி.யில் கத்துகிறார்கள்.

இடது காது அடைத்தே இருக்கிறது. சளியோடு நேற்று மும்பை போய் வந்ததன் பலன். இறங்கும்போது உயிர் போகிற வலி. சிரித்துக்கொண்டே பயணிகளிடம் காலி கப் வாங்கினேன். கிளம்புமுன் பிரீஃபிங்கில் வழக்கம்போலக் கேட்டார்கள், எல்லோரும் ஃபிட்டா என்று. வழக்கம்போல எல்லோரும் கோரஸாக "ஃபிட்". பாதிப்பேர் மூக்கை உறிஞ்சியபடி.

இன்று லீவ் சொன்னேன். நேரில் வந்து கம்பெனி டாக்டரிடம் காட்ட வேண்டுமாம். போனேன். நல்ல மனுஷர். பறந்தால் காது ஜவ்வு கிழியும், ஒரு வாரம் தரையில் இரு என்று எழுதிக் கொடுத்தார்.

திரும்பும்போது லிஃப்டில் ஆறாம் மாடித் தமிழ் ஆன்ட்டி: "உனக்கென்னம்மா, ஊர் சுத்துற வேலை." காது கேட்காத மாதிரி நின்றேன். பாதி உண்மைதானே.

வாங்க வேண்டியது: வெல்லம், மிளகு, அம்மாவுக்கு முழங்கால் தைலம்.

இதைத் தமிழில் எழுதுவதில் ஒரு சௌகரியம். டெல்லியிலும் தமிழ் சொல்லிக் கொடுத்த மந்திர் மார்க் பள்ளிக்கூடம் வாழ்க. கூட வேலை செய்கிற யாரும் எட்டிப் பார்த்துப் படிக்க முடியாது.

ஜன. 9, வெள்ளி

ஆபீஸிலிருந்து போன். செவ்வாய்க்கிழமை மேனேஜர் பார்க்க வேண்டுமாம். "சும்மா ஒரு சாட், மேம்." இந்த மாதக் கடைசியில் என் கான்ட்ராக்ட் முடிகிறது. சும்மாவாம்.

மேனேஜரின் அந்த அறை எல்லோருக்கும் தெரியும். போனை வெளியே வைக்க வேண்டும். ஒருவர் ஒருவராகத்தான் போக வேண்டும். உள்ளே டைப் அடித்த காகிதம் தயாராக இருக்கும். ரித்து (என் ஜூனியர், ஹரியானாக்காரி, வாய் ஜாஸ்தி) போன மாதம் போனாள். பயணி ஒருவன் அவள் இடுப்பில் கை வைத்ததைப் புகார் செய்திருந்தாள். "நான் இன்னும் மரியாதையாகப் பேசியிருக்கலாம்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். அவ்வளவு வாய் உள்ளவளே.

மாலையில் அவளுக்குச் சொன்னேன். யூனியனில் சேருங்கள் தீதீ (அக்காவுக்கு ஹிந்தி) என்று மறுபடி ஆரம்பித்தாள். இரண்டு வருடமாக ஒரே பதில் சொல்லி வந்தேன்: நான் என் வேலையை ஒழுங்காகச் செய்கிறேன், எனக்கெதற்கு? இன்று அதற்குப் பதிலாக ஒரு பட்டியல் போட்டேன்.

ஏன் சேர வேண்டும்:
– பனியில் விமானம் நகராமல் நிற்கும். வசவு முழுக்க நமக்கு. நகர்ந்தால்தான் அது பறக்கும் நேரம், அதற்குத்தான் காசு. அதுவரை நின்றது, சுமந்தது, கெஞ்சியது எதுவும் கணக்கில் கிடையாது.
– உடம்பு சரியில்லை என்றால் குற்றவாளி.
– முப்பது தாண்டினால் "கொஞ்சம் டயர்டாகத் தெரிகிறீர்கள்".
– அந்த அறை. இது ஒன்றே போதும்.

டிரெயினிங்கில் விபத்து நேரத்துக்குக் கத்தச் சொல்லிக் கொடுத்தார்கள். பெட்டியை விடு, குதி, ஓடு என்று தொண்டை கிழிய. நமக்காக ஒரு வார்த்தை கத்த மட்டும் எந்த வகுப்பும் இல்லை.

ராத்திரி யூனியன் ஃபார்ம் அனுப்பிவிட்டேன்.

ஜன. 11, ஞாயிறு

வெயில், ஒருவழியாக. யூனியனில் சேர்ந்ததைப் பால்கனியில் அப்பாவிடம் சொன்னேன். நினைத்த மாதிரியே குதித்தார்.

"என்னோடது சர்க்கார் உத்தியோகம்மா. எங்களைத் தொட முடியாது. உன்னைத் தூக்கி வெளிய போட்டுருவான், பாத்துக்க."

சர்வீஸ் முழுக்கச் சங்கத்தில் இருந்தவர். ஆபீஸ் கேட்டில் கோஷம் போட்டுத் தொண்டை கட்டிக்கொண்டு வந்த கதையை விருந்தாளிகள் எல்லோருக்கும் சொல்வார். எனக்கு மட்டும் வாய்ப்பூட்டு. கோபம் வந்தது. சொல்லிவிட்டேன்:

"உங்களுக்குச் சங்கம் வேணும், எனக்கு மட்டும் பயம் வேணுமாப்பா?"

பேப்பரை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அம்மா உருளைக்கிழங்கு வெட்டுவதை நிறுத்திவிட்டு என்னை முறைத்தாள். பேப்பருக்குப் பின்னாலிருந்து அப்பா:

"எத்தன பேரு இருக்கிய?"

கொஞ்சம்தான் என்றேன். ம்ம் என்றார். மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டார்.

ஜன. 13, செவ்வாய்

காது தேவலை.

ரித்து வந்தாள், ஆஃப் நாளில், யூனிஃபார்ம் இல்லாமல். கூட யூனியன்காரப் பெண்கள் இருவர். ஒருத்தியை நான் பார்த்ததே இல்லை. அவளுக்கு நான் யார்? ஆனாலும் நொய்டாவிலிருந்து மெட்ரோ பிடித்து வந்திருக்கிறாள்.

ஒருவர்தான் போகலாம் என்றாள் ரிசெப்ஷன் பெண். நால்வரும் போனோம்.

மேனேஜர் முகம் மாறவில்லை, அது அவருடைய டிரெயினிங். நீங்கள் சீனியர், இந்தக் குழந்தைகளோடு உங்களுக்கு என்ன என்று என்னிடம் மட்டும் இனிமையாகக் கேட்டார். காகிதத்தை நகர்த்தினார். லீவ் எடுத்தது என் பொறுப்பின்மையாம், வருந்துகிறேனாம். உங்கள் கான்ட்ராக்ட் என் மேஜையில்தான் இருக்கிறது என்பதையும் சொல்லி வைத்தார்.

தனியாக இருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன். சத்தியமாகப் போட்டிருப்பேன். பக்கத்தில் ரித்து மூச்சு விடுவது கேட்டது.

"கையெழுத்து போட மாட்டேன் சார். டாக்டர் பறக்காதேன்னார், பறக்கல. இதுல வருத்தப்பட எனக்கு ஒண்ணும் இல்ல."

ஹிந்தியில்தான் சொன்னேன். மனதுக்குள் தமிழில் இன்னும் கொஞ்சம் காரமாக இருந்தது. அவர் காகிதத்தை எடுத்து டிராயரில் போட்டார். நாங்கள் கீழே போய் சமோசா தின்றோம். ரித்து அழுதாள். போன மாத அழுகை அது.

ஜன. 15, வியாழன்

பொங்கல். குக்கரில்தான். அம்மா முந்திரியை அள்ளிப் போட்டிருந்தாள்.

கான்ட்ராக்ட் மெயில் வந்துவிட்டது. எப்போதும் இரண்டு வருடம் புதுப்பிப்பார்கள். எனக்கு மூன்று மாதம். காரணம் எழுதவில்லை. அம்மா அழுகிறாள், இதெல்லாம் தேவையா என்கிறாள். எனக்கும் பயம்தான், பொய் சொல்வானேன்.

மதியம் தெரியாத நம்பர். புதுப்பெண், வேலைக்குச் சேர்ந்து வருடம் ஆகவில்லை. நாளைக்கு அவளை அந்த அறைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ரித்து உங்கள் நம்பர் கொடுத்தாள், நீங்கள் வர முடியுமா தீதீ என்றாள்.

வருகிறேன் என்றேன். மூன்று மாதம் கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் எவ்வளவோ பேரைச் சேர்க்கலாம்.