பிரித்துக் கொடுத்த சாப்பாடு

9 ஜன. '96, செவ்வாய்

விடியவிருந்தே பனி. பஸ் பிந்தியது. பிளேன்கள் ஓடாததால் வேலை செய்யும் ஹோட்டல் முழுக்க ஆட்கள். கால் வீக்கம். வாங்க: பால், தேங்காய்ப்பூ, சின்னவனுக்குக் கையுறை.

312ஆம் அறையில் ஒரு யூதக் கிழவி. மொன்றியல் போக வந்து அகப்பட்டவ. அவவுக்கென்று வெளியே இருந்து கோஷர் என்ற யூதச் சாப்பாடு வந்தது. சுற்றிவர பிளாஸ்ரிக், உள்ளே தகடு, மேலே முத்திரை. வந்த ஆளுக்குப் பார்சலையா நீட்டுவது? பிரித்து, நல்ல பீங்கானில் போட்டு, சூடாக்கிக் கொண்டுபோனேன்.

"நீயா பிரித்தாய்?"

ஓம் என்றேன்.

"அப்படியென்றால் நான் சாப்பிட முடியாது. மன்னித்துக்கொள்."

பீங்கானைத் திருப்பி எடுத்துக்கொண்டு லிஃப்டில் இறங்கினேன். ஊரில் தேத்தண்ணிக் கடையில் என்னைப் பெற்ற ஐயாவுக்குத் தனிக் கிளாஸ், சாதிக்காக. இவ்வளவு தூரம் வந்தும் இந்தக் கை தீட்டா? இரவு நானும் சாப்பிடவில்லை.

10 ஜன., புதன்

பனி விடவில்லை. லஞ்ச்ரூமில் செ. அக்காவிடம் சொன்னேன். ஒரே ஷிஃப்ட். ஊரில் எங்கள் தெருப்பக்கமே வராத சாதி ஆட்கள். இங்கே கதைப்பா.

"உதுக்கேன் மூஞ்சையைத் தூக்கிறீர்? அது அவையின்ர சமயம். ஆர் பிரிச்சாலும் தின்னாயினம். எங்கட பாத்திரத்தில முந்தி என்ன கிடந்ததெண்டு அவைக்குத் தெரியுமே? சீல் உடையாமல் குடுக்கவேணும்."

வெட்கமாகப் போய்விட்டது. என்னால் கிழவி பட்டினி. ரோட்டை மூடிய பனியால் இன்றைய பார்சலும் வரவில்லை. கத்தி படாத இரண்டு ஒறேஞ்சும் வாழைப்பழமும் கொண்டுபோனேன். என் கையிலிருந்தே வாங்கினா. தானே தோல் உரித்துப் பாதியை எனக்கு நீட்டினா, இருக்கச் சொன்னா. கதிரையில் இருந்து தின்றேன். கண் கலங்கியது, குனிந்துகொண்டேன்.

11 ஜன., வியாழன்

வானம் வெளித்துவிட்டது. கிழவி போய்விட்டா. கட்டிலைத் தானே விரித்துவிட்டுப் போயிருந்தா.

விடிய எழும்பி உளுந்து வடை சுட்டேன். சந்தோசத்தில்தான். லஞ்சுக்கு முதலில் செ. அக்காவிடம் பெட்டியை நீட்டினேன்.

"வேண்டாம் பிள்ளை, வயிறு நிறைஞ்சுபோச்சு."

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதே பதில்தான். அலுப்பில் நானும் அதை நம்பி வந்திருக்கிறேன்.

பிறகு அக்கா எழும்பிப்போய் மெசினில் ஒரு சிப்ஸ் பைக்கற் எடுத்து, தானே பிரித்துத் தின்றா.