வாசலைப் பார்க்கும் பாதங்கள்

ஏன்னா,

போன்ல சொன்னா பேச்சை மாத்திடுவேள். அதான் எழுதறேன்.

டிரினிடாட்ல நான் ஆராய்ச்சி பண்ணப் போன கார்னிவல் வேஷங்கள்ல, ஒண்ணைப் பத்தி மட்டும் உங்ககிட்ட சொல்லலை. டுவென்னு பேர். ஆப்பிரிக்காலேர்ந்து அடிமையா வந்தவாளோட வம்சத்துக்காரா கட்டற வேஷம். பேர் வைக்கறதுக்குள்ளயே போயிட்ட குழந்தைகளாம். பாதம் பின்பக்கமா திரும்பியிருக்கும். வெட்டவெளியில யார் பேரையும் கத்திக் கூப்பிடாதே, அது கேட்டுண்டு கூடவே வந்துடும்னு அங்க இருக்கறவா சொன்னா.

நான் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரிலேர்ந்து வெறுங்கையோட வந்தப்புறம் நாம சொல்லவே சொல்லாத, வைக்கறதா இருந்த அந்தப் பேரை.

நேத்திக்குக் கிருஷ்ண ஜயந்தி. கையை மடக்கி மாவுல தோய்ச்சு, வாசல்லேர்ந்து பூஜை ரூம் வரைக்கும் குட்டிப் பாதம் வெச்சேன், உள்ளே வரா மாதிரி. கார்த்தால பார்த்தா பக்கத்துல இன்னொரு வரிசை, வாசலைப் பார்த்துண்டு.

"கிருஷ்ணன் வந்துட்டுப் போயிட்டான் போலருக்கேடி!"ன்னு பக்கத்தாத்து மாமி சிரிச்சா.

அது போகலை. அந்த வரிசையில மாவு வாசல்லதான் அழுத்தமா இருக்கு. உள்ளே வர வரத் தேஞ்சு, நம்ம கட்டில்கிட்ட முடியறது.

சீக்கிரம் வாங்கோ.

இப்படிக்கு,
நாங்க ரெண்டு பேரும்