இடுப்பில் ஊன்றிய விரல்கள்

ச்சிங்தாவ்

நம் ரூயுனின் அப்பாவுக்கு,

நீங்கள் நலமா? அத்தையின் இருமல் குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். இடுப்பில் சின்னக் கொப்புளம், அவ்வளவுதான், பயப்பட வேண்டாம்.

மீன் கிடங்கின் குளிரில் இடுப்பு மரத்துப்போயிருந்தது. அறைத்தோழி ஃபெங்யிங்கிடம் மாசிபத்திரி மூலிகைச் சுருட்டைக் கொளுத்தி, தோலில் படாமல் சூடு காட்டச் சொன்னேன். அவள் தர்பூசணி விதை கொறித்தபடியே மிக அருகில் பிடித்துவிட்டாள். எனக்குச் சூடே தெரியவில்லை.

"கொப்புளம் வந்தா நல்லதுடி, உள்ள இருக்கிற குளிரெல்லாம் வெளிய வருது," என்று சமாளிக்கிறாள். உடைக்காமல் வைத்திருக்கிறேன். குப்புறப் படுத்துத்தான் தூக்கம்.

நீங்கள் சூடு காட்டும்போது அந்த இடத்துக்கு இருபுறமும் இரண்டு விரல்களை ஊன்றியிருப்பீர்கள். "கைய எடுங்க, கூசுது" என்று தட்டிவிடுவேன். மரத்த என் தோலுக்குப் பதிலாக உங்கள் விரல்கள்தான் சூடு பார்த்தன என்பது இப்போதுதான் புரிகிறது.

கால்சட்டை கொப்புளத்தில் உரசுகிறது. உங்கள் பழைய பருத்திச் சட்டை ஒன்று அனுப்புங்கள், உள்ளே கட்டிக்கொள்கிறேன். நீங்கள் உருட்டிய சுருட்டும் நாலு வையுங்கள். கடைச் சுருட்டில் பொறி பறக்கிறது.

வேலைச் சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன். ஒன்று மட்டும் எழுதுங்கள்: அப்போதெல்லாம் உங்கள் விரல் சுட்டதா? நான் கேட்டதே இல்லை.

ஷூச்சின்