தெரியாத நம்பர்

என் பழைய போன் இழுத்துக்கொண்டு கிடக்கிறது. சிதம்பரத்தில் ஒரு செல்போன் கடைக்காரர் அதிலிருந்த நம்பர்களைப் புதுப் போனுக்கு மாற்றிக்கொண்டே கேட்டார்: "என்னக்கா இது, 'பிசாசு டீக்கடை', 'பிசாசு கண்டக்டர்', 'பிசாசு வளையல்காரம்மா'ன்னு போய்க்கிட்டே இருக்கு? அழிச்சிடட்டுமா?" அதுல கை வைக்காதீங்க என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். பிசாசு நீதானடி. நீ உயிரோடு இருந்தபோது இந்தப் பேரை உன்னிடம் சொன்னதில்லை.

சர்ச் ஹாலில் மூன்று மாத வகுப்பு. வாழ்க்கையில் அடிபட்டு வந்த பெண்களை வேலைக்குத் தயார் பண்ணும் வகுப்பு. கம்ப்யூட்டர், பயோடேட்டா, இன்டர்வியூவில் நாற்காலி நுனியில் தொத்தாமல் நன்றாக உட்காருவது, எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். நீ கீரப்பாளையத்திலிருந்து வந்தாய். புருஷன் குடித்தே போய்ச் சேர்ந்த பிறகு, பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கொட்டை உடைத்து விரலெல்லாம் கருத்துப்போயிருந்தது உனக்கு. நான் புருஷனை விட்டு ஓடி வந்தவள். அவன் நாளுக்கொரு நம்பரிலிருந்து கூப்பிட்டுக் காது கூசத் திட்டுவான். அதனால் தெரியாத நம்பர் வந்தாலே எனக்குக் கை உதறும். போனைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிடுவேன்.

வேலை தருகிறவர்கள் தெரியாத நம்பரிலிருந்துதான் கூப்பிடுவார்கள், எடுக்காவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடுவார்கள் என்று டீச்சர் சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மகள் புவனகிரியில் அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணியின் முகம் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டு வந்தது. வேலை கிடைத்தால்தான் ஒரு ரூம் பிடித்து அவளைக் கூட்டிவர முடியும்.

இதைக் கேட்டதும் நீ சும்மா இருந்தாயா? எதிரில் வந்தவர்களிடமெல்லாம் போனை இரவல் வாங்கினாய். மூக்கைப் பிடித்துக்கொண்டு, "வணக்கம் மேடம், ஸ்டெல்லாங்களா? கம்பெனிலேர்ந்து பேசறோம்" என்பாய். முதல் வாரம் நான் எடுக்கவே இல்லை. "ஏண்டி, அந்தக் கண்டக்டர்கிட்ட கெஞ்சிக் கூத்தாடி போன் வாங்குனேன், எடுக்க மாட்டியா?" என்று வகுப்பில் வந்து சண்டை பிடித்தாய். நான் அந்த நம்பர்களைப் 'பிசாசு' என்று பதிந்துவைத்து, நீதான் என்று தெரிந்தே எடுத்து ஏமாற்றத் தொடங்கியதும், ஒரு போனை நீ இரண்டாம் தடவை தொடவில்லை. "திட்டுனா கட் பண்ணிடு. அவன் என்ன, போனுக்குள்ளேர்ந்து கைய நீட்டி அடிக்கவா போறான்?" என்பாய்.

பழகிவிட்டது. கொஞ்சம் ஜாஸ்தியாகவே பழகிவிட்டது. நான் பயோடேட்டா கொடுத்திருந்த கடலூர் ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து நிஜமாகவே ஓர் அம்மா கூப்பிட்டு, "ஸ்டெல்லாங்களா? ஆஸ்பத்திரிலேர்ந்து பேசறோம்" என்றார். "போதும்டி எரும, மூக்க விடு!" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். திரும்பினால் ஹால் வாசலில் நீ செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறாய். உன் கையில் போன் இல்லை.

திரும்பக் கூப்பிட்டேன், லைன் கிடைக்கவில்லை. என் பொண்ணு அங்கயே கெடக்க வேண்டியதுதான் என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். நீ அழவிடவில்லை. "எந்திரி, பஸ்ஸப் புடிப்போம்" என்றாய். கடலூர் போய்ச் சேரும்வரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாயே, அதை மட்டும் நான் மன்னிக்கவில்லை.

போனில் கூப்பிட்ட அந்த மேடத்தின் மேஜைக்கு முன்னால் நின்று, "அந்த எரும நான்தாங்க" என்றாய். "இவ போனப் பாத்தாலே நடுங்குனவ. நான்தான் தெனம் கூப்பிட்டுப் பழக்குனேன். தப்பு என்னுதுங்க."

அவர் சிரிக்கவில்லை. மேஜை மேலிருந்த போனை என் பக்கம் தள்ளி, "இப்ப அடிக்கும். எடுங்க" என்றார். அடித்தது. யாரோ ஒரு பெரியவர், கண் டாக்டர் எப்போது வருவார் என்று கேட்டார். மேடத்திடம் விசாரித்து, பெரியவருக்குப் புரியும்வரை இரண்டு முறை சொன்னேன். திங்கட்கிழமை ரிசப்ஷன் வேலைக்கு வரச் சொன்னார்கள். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் மகள் என்னிடம் வந்துவிட்டாள்.

உனக்கும் ஒரு துணிக்கடையில் வேலை அமைந்தது. முதல் சம்பளத்தில் எனக்கு அல்வா வாங்கி வந்தாய். அப்புறம் அந்தப் பாழாய்ப்போன மஞ்சள் காமாலை. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள் நான் ஒருத்தி இருக்க, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நாட்டு மருந்து குடித்துக்கொண்டு கிடந்தாயே. ஊருக்கெல்லாம் போன் போட்டவளுக்கு எனக்கு ஒரு போன் போடத் தோன்றவில்லையா? நினைக்க நினைக்க ஆற்றாமையாக இருக்கிறது.

ஒன்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். போன மாதம் ரிசப்ஷன் போனில் என் புருஷன் வந்தான். எங்கே வேலை பார்க்கிறேன் என்று எப்படியோ கண்டுபிடித்திருக்கிறான். "எவளோ ஒருத்தி ஸ்டெல்லான்னு..." என்று ஆரம்பித்தபோதே குரல் தெரிந்துவிட்டது. உதறல் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. "எந்த டாக்டரப் பாக்கணும்?" என்று கேட்டேன். திட்டினான். வைத்துவிட்டேன்.

உடனே மறுபடியும் மணி அடித்தது. அவனாக இருக்கலாம். வலியோடு ஆட்டோவில் வந்துகொண்டிருக்கும் ஒரு பெண்ணாகவும் இருக்கலாம்.

எடுத்தேன்.