சித்தப்பா போனுக்கு வராத காரணம்

என் தங்கமே, அம்மா எழுதுகிறேன். நீ அங்கே சுகமாக இருக்கிறாய் என்ற தைரியத்தில்தான் நாங்கள் இங்கே சாப்பிட்டுத் தூங்குகிறோம். அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, மாடிப்படி ஏறத்தான் இன்னும் முடியவில்லை. போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சித்தப்பாவுக்கு என்மேல் என்ன கோபம், ஏன் பேச வருவதில்லை என்று கேட்டாய். லாரி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார் என்று நான் சொன்னதெல்லாம் பொய், பின்னறையில்தான் இருந்தார். நீ இந்த எச்ஐவி கணக்கெடுப்பு வேலையில் சேர்ந்த புதிதில், முன்பின் தெரியாத லாரி டிரைவர்களிடம் இதையெல்லாம் எப்படிம்மா கேட்பேன் என்று அழுதாய், என்னிடம் கேட்டுப் பழகு என்றேன். அன்று போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கடைசியாக உறவு வைத்தபோது ஆணுறை போட்டீர்களா என்ற கேள்வியில் உன் குரல் கிணற்றுக்குள் போய்விட்டது. சத்தமா கேளுடி, எனக்கே கேக்கல, லாரிச் சத்தத்துல அவனுக்கு எங்க கேக்கும் என்று கிண்டல் செய்தேன், நீயும் உரக்கக் கேட்டாய். கதவுக்குப் பின்னால் சித்தப்பா சவரம் செய்துகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை அவர் சமையலறைக்கு வந்து, அண்ணி, அங்க பேரு கேப்பாங்களா என்றார். கணக்கெடுப்புல கேக்க மாட்டாங்க, ஆஸ்பத்திரியில கேப்பாங்க, ஆனா வெளிய சொல்ல மாட்டாங்க, நானும் வரேன் என்றேன். நான் அவரிடம் வேறொன்றும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, அந்தக் கிருமி இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்து சீட்டு காலியாக இருந்தும் நின்றுகொண்டே வந்தார். உக்காருங்க, நான் என்ன கடிச்சா வைக்கப் போறேன் என்றேன். அப்போதுதான் லேசாகச் சிரித்துவிட்டு உட்கார்ந்தார்.

மாத்திரை ஆரம்பித்தாயிற்று, விடாமல் சாப்பிட்டால் எல்லோரையும் போல இருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். வண்டிக்கும் போகிறார். ஆனால் உன் போன் வந்தால் மட்டும் எழுந்து போய்விடுகிறார். தோள்ல தூக்கி வளத்த புள்ள, அது அந்தக் கேள்விய எங்கிட்ட கேட்டா நான் என்ன சொல்லுவேன் என்கிறார். அவளுக்கு எழுதட்டுமா என்றேன். எழுதுங்க, அது என்ன சொல்லுச்சுன்னு மட்டும் எனக்குச் சொல்லாதீங்க என்றார்.

வேலையை விட்டுவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். விடாதே, கண்ணு. அந்தக் கேள்வியைக் கேட்காமல் தாண்டியும் போகாதே.

ஞாயிறு காலையில் கூப்பிடு. ஒன்றும் விசாரிக்காதே, அழாதே, எப்போதும் போல அவரை வம்புக்கு இழு. அவர் எழுந்து போனால் நானும் போனோடு பின்னாலேயே போய் அவர் காதில் வைப்பேன். நீ பேசிக்கொண்டே இரு.

நிழலில் உட்கார்ந்து வேலை பார். நீ ஒரு குறையுமில்லாமல் நன்றாக இருப்பாய். ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா