பையோடு நட்ட கன்றுகள்

பாப்பாவின் அம்மாவுக்கு,

அடுத்த மாதம் என்னால் வர முடியாது. காரணத்தைச் சொன்னால் திட்டுவாய், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

சுரங்கத்திலிருந்து கொட்டிய மண்மேட்டில் மூன்றாம் முறை நட்ட கன்றுகளும் கருகிப்போயின. போன வாரம் ஓர் அதிகாரி அம்மா ஆய்வுக்கு வருவதாக இருந்தது. மேலாளர் என்னைத் தனியே அழைத்து, "நர்சரிக் கன்ற அப்படியே பையோட புதைச்சிடுங்க. யாரு பிடுங்கிப் பாக்கப் போறாங்க?" என்றார். புதைத்தேன். அந்த அம்மா கையெழுத்துப் போட்டால் என் வேலை முடியும், வீட்டுக்கு வந்துவிடலாம் என்ற ஆசைதான்.

அவர் மேடேறிப் பார்த்துவிட்டு, மூச்சு வாங்க நின்று, "நல்லா வந்திருக்கே! எத்தன வருஷமா பாடுபடுறீங்க?" என்று கேட்டார்.

"நாலு வருஷம்மா" என்றேன். குனிந்து ஒரு கன்றைப் பிடுங்கி, கறுப்புப் பையோடு அவர் கையில் கொடுத்தேன்.

மேலாளர் இப்போது என்னோடு பேசுவதில்லை. எல்லாவற்றையும் மறுபடி நட வேண்டும். இந்த முறை மண் பிடிப்புக்காக முதலில் புல் விதைக்கிறேன். இன்னும் இரண்டு மழைக்காலமாவது ஆகும்.

இங்கே குடியிருப்பில் இரண்டாவது அறையை ஒழித்துச் சுண்ணாம்பு அடித்திருக்கிறேன். பக்கத்தில் பள்ளிக்கூடமும் இருக்கிறது. சும்மா சொன்னேன்.

உன் வீட்டுக்காரன்